ஐந்து வைத்தாள், ஏழு வந்தது

மயிலம்மாளின் வயலில் கல் கிடைத்த அன்று நான் மூன்று பேரைத் திட்டினேன். நான்காவது ஆளை வேலையை விட்டே அனுப்பிவிடுவேன் என்று மிரட்டினேன். ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

அது அறுபத்தொன்றாம் வருஷம், பங்குனி மாதம். செம்மேட்டிலிருந்து ஆலத்தூர் நாட்டுப் பக்கம் புதிதாக ஒரு ரோடு வெட்டிக்கொண்டிருந்தோம். நான் அந்த வேலைக்கு மேஸ்திரி. பெயர் ஆறுமுகசாமி, ஊர் அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி, வயது இருபத்தேழு. கோபம் எந்நேரமும் மூக்கு நுனியில் நிற்கும். மலைக்காரர்கள் என் முகத்துக்கு நேரே "சரிங்க" என்பார்கள். நான் திரும்பியதும் தங்கள் இஷ்டப்படி செய்வார்கள். பாதி நேரம் அவர்கள் செய்ததுதான் சரியாக இருக்கும், அதனால் எனக்குக் கோபம் இன்னும் ஏறும்.

மயிலம்மாள் எங்களிடம் மண் சுமந்த பெண்களில் ஒருத்தி. நாற்பது வயதிருக்கும், புருஷன் இல்லை. ஊற்றுத் தண்ணீர் பாயும் ஒரே ஒரு நெல் வயல் அவளுக்கு இருந்தது. மேட்டில் சாமை போடும் காடு கொஞ்சம் உண்டு என்றாலும், வருஷம் முழுக்க வீட்டில் அடுப்பெரிவது அந்த வயலால்தான். ரோட்டுக்கு அடித்த முளைக்குச்சிகள் சரியாக அந்த வயலின் நடுவில் போயின. தன் வயலை நோக்கித் தானே மண் வெட்டிச் சுமந்துகொண்டு வந்தாள் அவள்.

மாசி மாதத்திலேயே என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க மேஸ்திரி, இந்தக் குச்சியப் பத்தடி மேல தள்ளி அடிச்சா ஆகாதுங்களா?"

"மேல பாறை இருக்குது, கண்ணுல படலியா? பாறைய ஒடைக்க வெடி வேணும், ஆள் வேணும். குச்சி நான் அடிச்சதில்ல. சேலத்துல இருந்து வந்து அடிச்சுட்டுப் போனாங்க."

"அவங்க கிட்டச் சொல்லிப் பாருங்க சாமி."

"சொல்றேன், போ" என்றேன். சொல்லவில்லை. சொன்னால் இன்ஜினீயர் என்னைத்தான் கடிப்பார். அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தியது. உறுத்தியதால் அவளிடம் மட்டும் கூடுதலாக எரிந்து விழுந்தேன்.

அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த அந்த வயலில் கால் வைத்த முதல் நாளே முத்தனின் மண்வெட்டி 'ணங்'கென்றது. முத்தன்தான் எங்கள் கூட்டத்தில் முதல் வெட்டு வெட்டுகிறவன். குனிந்து எடுத்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புக் கல். ஒரு முனை கூம்பி, மறுமுனை தட்டையாகக் கூர் தீட்டியதுபோல் இருந்தது. தடவினால் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு.

இந்தக் கல் எனக்குப் புதிதல்ல. கொல்லிமலையில் ஊருக்கு ஊர் பிள்ளையார் உண்டு. ஆள் உயரத்துக்குக் கூட வராத வட்டமான கல் சுவர், மேலே கூரை கிடையாது, உள்ளே குவியலாக இந்த மாதிரிக் கற்கள். உழும்போது ஒன்று அகப்பட்டால் அதைக் கழுவி, விளக்கெண்ணெய் தடவி, கொண்டுபோய் அந்தக் குவியலில் வைத்துவிட்டு வந்து மறுபடியும் ஏர் பிடிப்பார்கள். வீட்டுக்கு மட்டும் கொண்டு போகமாட்டார்கள்.

ஆனால் அன்றைக்கு ஒன்றோடு நிற்கவில்லை. முத்தன் வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்தது. மொத்தம் ஏழு. நான் செம்மேட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஏழையும் ஒரே கூடையில் போட்டு ஓடையில் கழுவி, எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, வெற்றிலைமேல் வரிசையாக வைத்துவிட்டார்கள். மேலே தழைப் பந்தல் வேறு.

"ஒண்ணு வந்தா எடுத்துக் குடுத்துடலாமுங்க. ஏழு ஒரே எடத்துல வந்திருக்குது. பிள்ளையாரே வந்து குந்திக்கிட்ட மாதிரிங்க. அவரு மேல மம்பட்டி போடறதுங்களா?" என்றான் முத்தன்.

நான் கத்தினேன். கூலி இல்லை என்றேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க" என்றார்கள். அவ்வளவுதான். மயிலம்மாள் மட்டும் ஓரமாக நின்றாள். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவளோ அந்த ஏழு கல்லையும் மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள். உதடு அசைவதைப் பார்த்தேன்.

வேலை நின்றுவிட்டது என்று இன்ஜினீயருக்கு எழுதினேன். ஆட்களை மிரட்ட யாரையாவது அனுப்புவார் என்று நினைத்தேன். அந்த மனிதர் படிப்பு ஆர்வம் உள்ளவர்போல. மெட்ராஸுக்கு எழுதிப்போட்டுவிட்டார். பத்து நாளில் பதில் வந்தது. பழம்பொருள் ஆராய்கிற அதிகாரி அருணாசலம் என்பவர் நேரில் வருகிறார், அதுவரை அந்த இடத்தைத் தொடவேண்டாம், பழங்காலத்து இடம் என்று அவர் சொன்னால் ரோட்டை மேலே பாறைப் பக்கம் மாற்றலாம், கற்களை அவர் மெட்ராஸுக்கு எடுத்துப் போவார். கடுதாசியைப் படித்து எல்லோருக்கும் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் சாமான் கொட்டகையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மயிலம்மாள் வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

"மேஸ்திரி, ஒண்ணு சொன்னா ஆருகிட்டயும் சொல்லக் கூடாதுங்க."

"என்ன?"

"அந்தக் கல்லு நான் வெச்சதுங்க."

எனக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"பிள்ளையாருகிட்டப் பூக் கேட்டனுங்க" என்றாள். இலையில் மடித்த இரண்டு பொட்டணம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. "வெள்ளை வந்துதுங்க. சரீன்னு எடுத்தாந்து பதினாலாம் நம்பர் குச்சிகிட்ட முழங்கை ஆழத்துல பொதைச்சனுங்க. கல்லு வந்தா நம்ம சனம் வெட்ட மாட்டாங்க, ரோடு மேல போயிரும்னு நெனச்சேன். மெட்ராஸ்ல இருந்து ஆளு வருவாங்கன்னு ஆருக்குங்க தெரியும்?"

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை, சிரிப்புதான் வந்தது. ஏழு கல்லைச் சுமந்துகொண்டு வந்து புதைத்திருக்கிறாள், நான் பத்து நாளாக இன்ஜினீயருக்குக் கடுதாசி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"கெட்டிக்காரிதான் போ. ஏழையும் ஒரே நடையில தூக்கிட்டு வந்தியா?"

"அதாங்க எனக்கும் வெளங்கல. நான் வெச்சது அஞ்சுதானுங்க."

"ஏழு வந்துதே."

"ஆமாங்க."

"மறந்துருப்பே. ஏழா எடுத்திருப்பே."

"ஒரு கை வெரலுக்கு ஒண்ணுன்னு எண்ணி எடுத்தனுங்க. வர்ற தை மாசம் அறுப்பு முடிஞ்சதும் அஞ்சையும் திருப்பி வெச்சுப்போடறேன்னு சொல்லிட்டுத்தான் எடுத்தேன். இப்ப அந்த அய்யா எடுத்துட்டுப் போயிட்டா பிள்ளையாருக்கு நான் என்னத்தைங்க சொல்றது?"

"எந்த அஞ்சு உன்னோடது? காட்டு, எடுத்துத் தாரேன்."

அவள் கையைப் பிசைந்தாள். "தெரியலீங்க. கண்ணை மூடிட்டு எடுத்தேன். அவரைப் பார்த்துட்டே எடுக்க முடியுமுங்களா?"

என் சோறு ஆறிவிட்டது. அப்படியானால் அந்த இரண்டு யாருடையது? வேறு யாராவது இவளுக்காக இரக்கப்பட்டுப் புதைத்தார்களா? முத்தனைத் தனியாகக் கூப்பிட்டு, எந்தக் கல் எந்த ஆழத்தில் வந்தது என்று கேட்டேன். "எல்லாத்தையும் கூடையில போட்டுக் கழுவிப்போட்டனுங்க. கல்லு கல்லுதானுங்களே" என்றான். வைத்தது யார் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

பிள்ளையார் இருக்கும் இடத்துக்கே போய் எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று இருந்தது. முன்னால் எத்தனை இருந்தது என்று பூசாரியைக் கேட்டேன். "சாமிய ஆருங்க எண்ணுவாங்க?" என்றார். ஐம்பத்தெட்டா, அறுபதா என்று தெரியாமல் அந்த ஐம்பத்து மூன்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வந்த வழியே திரும்பினேன்.

சித்திரை பிறந்து அருணாசலம் வந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர். மரியாதையாகப் பேசினார். செம்மேடு வரை ஜீப்பிலும் பிறகு நடந்தும் வந்து, வயல் வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். அதிலேயே ஆட்களுக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஏழு கல்லையும் எடுத்துப் பார்த்தார். முகர்ந்தார்.

"எண்ணெய் வாசனை அடிக்குதே. கோயில்ல இருந்த கல்லா இது?"

மயிலம்மாள் மண் கூடையை இறக்காமல் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இல்லீங்க, நாங்கதான் இங்கயே எண்ணெ தடவுனோம்" என்றான் முத்தன். "கெடைச்சா ஒடனே தடவோணுமுங்க."

"ஏழுக்குமா?"

"ஏழுக்கும்தானுங்க. ஒண்ணுக்குத் தடவி ஒண்ணை உடறதுங்களா?"

அருணாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, உங்களைக் கேக்கறேன். யாராவது இதைக் கொண்டுவந்து வெச்சிருக்க முடியுமா?"

ஆமாம் என்றால் ரோடு வயல் நடுவில் போகும். இல்லை என்றால் பொய். ஆனால் அந்த இரண்டைப் பொறுத்தவரை அது பொய்யா என்பதும் எனக்குத் தெரியாது. மயிலம்மாள் என்னைப் பார்க்கவில்லை, தன் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க" என்றேன்.

"சரி, தோண்டிப் பார்த்துட்டா போச்சு" என்றார் அவர்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. தோண்டினால் கீழே ஒன்றும் இருக்காது, குட்டு வெளிப்பட்டுவிடும், என் வேலையும் போகும். அவர் நூல் பிடித்துச் சதுரம் கட்டி, மண்வெட்டி வேண்டாம் என்று சொல்லி, சின்னக் கரண்டியால் சுரண்டினார். மூன்று நாள் சுரண்டினார். மலை ஆட்களுக்குச் சிரிப்பு. நாங்கள் ஒரு மணி நேரத்தில் தள்ளும் மண்ணை அவர் மூன்று நாளாகத் தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் இடுப்பளவு ஆழத்தில் சாம்பல் வந்தது. அடுப்படியில் அள்ளுவோமே, அதே சாம்பல், இறுகிப்போய் ஒரு படலமாக. அதில் கையால் வனைந்த மண்பானை ஓடுகள், கறுத்த எலும்புத் துண்டு ஒன்று, சில்லு சில்லாகத் தெறித்த கல் ஒரு கூடை. கடைசியில் ஒரு கல்லை என் கையில் கொடுத்தார். அதே வடிவம். ஆனால் வழுவழுப்பு இல்லை, உடம்பெல்லாம் கொத்திய தழும்பு, ஒரு முனையை மட்டும் பாதி தேய்த்து விட்டிருந்தார்கள்.

"இது முடிக்காத கோடரி. இங்கேதான் உட்கார்ந்து செஞ்சிருக்காங்க. மூவாயிரம் வருஷமோ, நாலாயிரமோ. பாதியில ஏன் விட்டான்னு தெரியலை" என்றார்.

அந்த முரட்டுக் கல்லைப் பிடித்துக்கொண்டு நான் முழித்தேன். அது பிள்ளையார் குவியலிலிருந்து வந்ததில்லை. அரைகுறைக் கல்லை அங்கே யாரும் வைக்கமாட்டார்கள். அப்படியானால் இடம் நிஜம். இவள் பொய்யாகக் கல் புதைத்த அதே இடத்தில் நிஜமாகவே கல் இருந்திருக்கிறது. மலை முழுக்க எத்தனை காடு, எத்தனை வயல் இருக்க, இது எப்படி? பிள்ளையார்தான் அவள் கையைப் பிடித்து அங்கே வைக்கச் சொன்னாரா? அப்படியெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். நம்பாமல் வேறு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

ரோடு மேலே போவது முடிவாயிற்று. மயிலம்மாள் அன்றைக்குத்தான் முதன்முதலாக என் முன்னால் சிரித்தாள். எனக்கும் நெஞ்சு லேசானது.

மறுநாள் காலை அருணாசலம் கிளம்பும்போது இன்னொரு விஷயம் சொன்னார். "மேஸ்திரி, குழியை மூடிடுங்க. நாங்க மறுபடி வந்து முழுசாத் தோண்டுற வரைக்கும் இந்த வயல்ல ஏர் ஓட்டக் கூடாது. மண்வெட்டியும் படக் கூடாது. ஒரு போர்டு எழுதி நட்டுடுங்க."

"மறுபடி எப்போ வருவீங்க?"

"உத்தரவு வரணும். ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டு ஆகலாம். அந்த அம்மாவுக்கு ஏதாவது பண்ணச் சொல்லி நானும் எழுதறேன்."

மயிலம்மாளுக்கு விஷயம் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் முன்னால் நின்றாள்.

"அய்யா, அந்தக் கல்லு நான் வெச்சதுங்க. பிள்ளையாருகிட்ட இருந்து நான் எடுத்தாந்து வெச்சேன். சத்தியமுங்க. இது பழைய எடமெல்லாம் இல்லீங்க."

அருணாசலம் அவளைப் பரிவோடுதான் பார்த்தார். "நிலம் கை விட்டுப் போயிடுமேன்னு சொல்றீங்க. எனக்குப் புரியுதும்மா. எத்தனை கல் வெச்சீங்க?"

"அஞ்சுங்க."

"ஏழு இருக்கே."

அவள் தன் ஐந்து விரலையும் விரித்துப் பார்த்தாள்.

"சரி, இந்தச் சாம்பல்? இந்தப் பானை ஓடு? இதையும் நீங்களா வெச்சீங்க?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான் அப்போது வாயைத் திறந்திருக்கவேண்டும். அவள் சொல்வது உண்மை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். சொல்லியிருந்தாலும் சாம்பல் சாம்பல்தான், ஒன்றும் மாறியிருக்காது என்று இன்று நினைக்கிறேன். அன்று அதை யோசித்து நான் சும்மா இருக்கவில்லை. பொய் சொன்ன மேஸ்திரி என்று பெயர் வருமே என்றுதான் சும்மா இருந்தேன். அது எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஏழு கல்லையும் அந்த முடிக்காத கல்லையும் வைக்கோல் பரப்பிய பெட்டியில் வைத்து, ஆட்கள் ஜீப் வரை சுமந்தார்கள். பிள்ளையாரின் ஐந்தும் அதோடு மெட்ராஸ் போயிற்று.

போர்டை நான்தான் எழுதினேன். தகரத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்து, கறுப்பில் எழுதி, வயல் மூலையில் நட்டேன். மயிலம்மாள் வந்து பக்கத்தில் நின்றாள். இரண்டு நாளாக அவள் என்னிடம் பேசவில்லை.

"என்னன்னு எழுதியிருக்குதுங்க?"

"இந்த நிலத்தில் ஏர் ஓட்டவோ மண்வெட்டி கொண்டு தோண்டவோ கூடாது."

"இன்னொருக்காப் படிங்க."

படித்தேன். அவள் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"காலைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்குதுங்களா?"

"காலா? எந்தக் கால்?"

"இல்லீங்க, சும்மாதான் கேட்டேன்" என்று போய்விட்டாள்.

ஆடியில் மழை பிடித்தது. நாங்கள் மேலே பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலையில் பாதி ஆள் வேலைக்கு வரவில்லை. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எட்டிப் பார்த்தால், எல்லோரும் கீழே மயிலம்மாளின் வயலில் நிற்கிறார்கள். ஊற்றைத் திருப்பிவிட்டு முழங்கால் அளவு தண்ணீர் கட்டி, அதில் தழையை வெட்டிப் போட்டு, பதினைந்து பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக மிதிக்கிறார்கள். ஏர் இல்லை. மண்வெட்டி இல்லை. ஒரு மாடுகூட இறங்கவில்லை. காலாலேயே வயலைச் சேறாக்கிக்கொண்டிருந்தார்கள்.

திட்டுவதற்காக இறங்கி வந்தேன். வரப்பில் நின்றதும் எதைச் சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. போர்டு மூலையில் நேராகத்தான் நின்றது. அதில் எழுதியிருந்ததை ஒருவரும் மீறவில்லை.

மயிலம்மாள் வரிசையின் ஓரத்தில், நான் நின்ற பக்கம், பதினாலாம் குச்சி இருந்த இடத்துக்கருகில் மிதித்துக்கொண்டு வந்தாள். சட்டென்று நின்றாள். வரப்போரம் அங்கே மண் மேடாக இருந்ததால் தண்ணீர் விரல் ஆழம்தான். அவள் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு விளிம்பு, வழுவழுப்பாக, பளபளவென்று தெரிந்தது.

நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

அவள் வைத்த ஐந்தில் ஒன்று இப்போதுதான் வருகிறதா? அப்படியானால் மெட்ராஸ் போன ஏழில் மூன்று நிஜமா? இல்லை, இதுவும் அந்தப் பழைய ஆட்கள் போட்டுவிட்டுப் போனதா? என் தலை சுற்றியது. ஒன்று மட்டும் தெரிந்தது. கிடைத்த கல்லைக் கழுவி எண்ணெய் தடவிப் பிள்ளையாரிடம் சேர்க்கவேண்டும், அதுதான் இவர்கள் வழக்கம். இவளோ அவருக்கு ஐந்து கல் திருப்பித் தரவேண்டியவள்.

குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "அவருக்கு நீ அஞ்சு தரோணுமே மயிலம்மா. இதையாச்சும் கொண்டுபோய் வெச்சுடேன்."

அவள் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"கையில எடுத்தா நாலு பேரு பார்ப்பாங்க. மறுபடி எண்ணெ, பந்தல், ஆபீசரு" என்றாள். "பிள்ளையாரு பொறுத்துக்குவாருங்க. நாத்து பொறுக்காது. ஊரான் வயல்ல நாத்து விட்டு நாப்பது நாளாச்சு."

குதிகாலை அதன்மேல் வைத்து, உடம்புக் கனம் முழுவதையும் இறக்கி, அமுக்கினாள். கல் உள்ளே போயிற்று. சேறு மேலே வந்து மூடிக்கொண்டது. அவள் உதடு மட்டும் அசைந்தது. சாமியிடம் ஏதோ சொல்லியிருப்பாள்.

வரிசையின் அந்தக் கடைசியிலிருந்து முத்தன் எட்டிப் பார்த்தான். "என்னுங்க மேஸ்திரி, அங்க என்னமோ குனிஞ்சு பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லடா, மிதி" என்று வழக்கம்போலக் கத்தினேன்.